வறட்சியில் கை கொடுக்கும் மரவள்ளி: வளர்ப்பும் பக்குவமும்

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறந்தால் குறுவை. திறக்காவிட்டால் வானத்தைப் பார்த்திருப்பது. காவிரிப் பாசன உழவரின் ஆண்டுக் கணக்கு இந்த ஒரு நாளில் தொடங்குகிறது. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்த நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020-இல் உரிய நாளில் தண்ணீர் வந்தது. 2024-இல் மீண்டும் ஜூலை இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. இத்தகைய ஆண்டுகளில் வீட்டுச் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் உதவக்கூடிய பயிர் ஒன்று மேட்டு நிலத்தில் இருத்தல் நல்லது. அவ்வாறு உதவும் பயிர்களுள் முதன்மையானது மரவள்ளி.

இப்பயிரைப் பற்றி உழவர் கூட்டங்களில் பல முறை பேசியிருக்கிறேன். 2016-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வல்லத்தை அடுத்த செம்மண் கிராமம் ஒன்றில் பேசியபோது, "வானம் பொய்த்தாலும் மரவள்ளி பொய்க்காது" என்று சொன்னேன். அதைக் கேட்டு ஒரு பெரியவர் ஒன்றரை மா நிலத்தில் மரவள்ளி நட்டார். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை, நூறு ஆண்டுகளில் காணாத அளவுக்குப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பெரியவரின் மரவள்ளி இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது, ஆனால் சாகவில்லை. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. குச்சிகள் தளதளவென்று துளிர்த்தன. தீவனம் இல்லாமல் வாடியிருந்த ஆடுகள் வேலியைத் தாண்டிப் போய் அந்தத் துளிரை மேய்ந்தன. கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் நான்கு ஆடுகள் செத்துக் கிடந்தன.

பிறகு நான் அந்த ஊருக்குப் போனபோது அவர் கோபப்படவில்லை. "ஐயா, மரவள்ளி சாகாதுன்னு நீங்க சொன்னீங்க. அதைத் தின்னா ஆடு சாகும்னு சொல்லலையே" என்றார். அவர் சொன்னது உண்மை. மரவள்ளியின் ஒரு பாதியை மட்டும் சொல்லிவிட்டு வந்தவன் நான். இந்தக் கட்டுரையில் இரண்டு பாதியையும் சொல்கிறேன்.

மரவள்ளி வந்த வழி

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் வழியாக இது நம் மேற்குக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880-களில் இதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தணித்தது இந்தக் கிழங்கே. அதே போரினால் மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசியும் நின்றது. 1943-இல் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது. வெளிநாட்டு ஜவ்வரிசிக்கு மாற்றாக வந்த சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. குச்சிக்கிழங்கு, கப்பக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு என ஊருக்கு ஒரு பெயர் சொன்னாலும் பயிர் ஒன்றுதான்.

எப்படித் தாங்குகிறது?

மரவள்ளி பல்லாண்டுத் தாவரம். நாம் ஓராண்டுக்குள் தோண்டிவிடுவதால் அது தெரிவதில்லை. காற்றில் ஈரம் குறைந்தவுடன் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். வறட்சி நீடித்தால் அடி இலைகளை உதிர்த்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். வேர் ஆழமாக இறங்கும். மழை வந்ததும் கிழங்கில் சேர்த்த மாவைக் கொண்டு மீண்டும் துளிர்க்கும். நெல்லுக்குப் பூக்கும் பருவத்தில் ஈரம் தவறினால் மகசூல் போயிற்று. மரவள்ளிக்கு அப்படி ஒரு கெடு நாள் கிடையாது. நட்ட முதல் மூன்று மாதம் மட்டும் மண்ணில் ஈரம் வேண்டும்.

எந்த நிலத்துக்கு ஏற்றது?

நெல் வயலில் மரவள்ளி வேண்டாம். களிமண்ணில் கிழங்கு பருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைநீர் இரண்டு மூன்று நாள் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். வறட்சியைத் தாங்கும் இப்பயிர் தேங்கும் நீரைத் தாங்காது.

வடிகால் உள்ள செம்மண், மணல் கலந்த செம்மண் நிலங்களே ஏற்றவை. வல்லத்தைச் சுற்றிய மேட்டு நிலம், ஒரத்தநாடு வட்டத்துச் செம்மண் நிலம், அதை அடுத்த கந்தர்வக்கோட்டைப் பகுதி ஆகியவற்றில் இதைப் பயிரிடலாம். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னையை இழந்து மறுபடி கன்று வைத்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தோப்புகளில், நிழல் விழும் வரை ஊடுபயிராக நடலாம். தென்னையின் பாத்தியை விட்டுத் தள்ளி நடுதல் வேண்டும். வீட்டுக் கொல்லையில் பத்துக் குழி இருந்தாலும் போதும்.

பருவம்

கிணறு அல்லது ஆழ்குழாய் வசதி உள்ளவர்கள் தை, மாசியில் நடலாம். ஒன்பது மாதத்தில், ஐப்பசி அடைமழை வலுக்கும் முன் தோண்டிவிடலாம். மானாவாரியாக நடுவோர் ஆடி, ஆவணியில் கிடைக்கும் மழையைக் கொண்டு நட்டு, வடகிழக்குப் பருவமழையில் பயிரை நிலைக்கச் செய்து, சித்திரை முதல் தோண்டலாம். இவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே பார்களை உயர்த்தி, நீர் வடியக் கால் வெட்டிவிடுதல் அவசியம்.

இரகமும் கரணையும்

வீட்டுச் சமையலுக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் குங்குமரோஸ், எம்.4 போன்ற இனிப்பு இரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எச்.226, எச்.165 ஆகியவை பெரும்பாலும் மாவு ஆலைகளுக்குப் பயிராகும் இரகங்கள். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும், 1963-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் புதிய இரகங்களை வெளியிட்டுள்ளன. தேமல் நோயைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா திருவனந்தபுரத்து வெளியீடு. பெயர் தெரியாத குச்சியை வாங்கி நடுவது கூடாது. சமையல் இரகமா, ஆலை இரகமா என்று கேட்டறிந்த பிறகே வாங்க வேண்டும்.

நன்கு முற்றிய செடியின் நடுத்தண்டிலிருந்து 15 செ.மீ. நீளமும் 8 முதல் 10 கணுக்களும் உள்ள கரணைகளை வெட்ட வேண்டும். நுனியும் அடியும் வேண்டாம். லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் கலந்த நீரில் 15 நிமிடம் நனைத்து நட்டால் கரணை அழுகாது. கணுக்கள் மேல்நோக்கி இருக்குமாறு செங்குத்தாக நடுதல் வேண்டும்.

தேமல் நோய் கரணை வழியாகவும் வெள்ளை ஈ வழியாகவும் பரவும். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகச் சுருங்கிய செடியிலிருந்து கரணை எடுக்கலாகாது. கரணைகளை நாற்றங்காலில் 4 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நட்டு, தேமல் காட்டும் நாற்றுகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, நல்ல நாற்றுகளை மட்டும் 20 முதல் 25 நாளில் எடுத்து நடலாம். நெல் நாற்று விட்டுப் பழகிய நம் பகுதி உழவருக்கு இது எளிது.

நடவும் உரமும்

பாசனப் பயிருக்கு 75 செ.மீ. பாரில் 75 செ.மீ. இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 7,200 செடிகள் நிற்கும். மானாவாரிக்கு 60 செ.மீ. போதும். நட்ட அன்றும் மூன்றாம் நாளும் நீர் விட வேண்டும். பின்னர் மூன்று மாதம் வரை 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறையும், அதன் பிறகு 20 முதல் 30 நாளுக்கு ஒரு முறையும் விட்டால் போதும். போக்கிடங்களை 20 நாளுக்குள் நிரப்ப வேண்டும். 60-ஆம் நாளில் செடிக்கு இரண்டு தண்டு மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். முதல் இரண்டு மாதம் இடைவெளியில் உளுந்து, தட்டைப்பயறு, சின்ன வெங்காயம் இவற்றுள் ஒன்றைப் போட்டால் களையும் அடங்கும், கையில் காசும் கிடைக்கும்.

பாசனப் பயிருக்கு ஏக்கருக்கு 10 டன் தொழு உரம், 36 கிலோ தழைச்சத்து, 36 கிலோ மணிச்சத்து, 96 கிலோ சாம்பல் சத்து தேவை. மணிச்சத்து முழுவதையும் மற்ற இரண்டில் பாதியையும் அடியுரமாகவும், மீதியை 90-ஆம் நாள் மேலுரமாகவும் இட்டு மண் அணைக்க வேண்டும். பத்துக் குழிக் கொல்லைக்கு இக்கணக்கில் இரண்டரை கிலோ யூரியா, ஏழரை கிலோ சூப்பர் பாஸ்பேட், ஐந்து கிலோ பொட்டாஷ் ஆகும். பொட்டாஷைக் குறைத்து யூரியாவைக் கூட்டும் பழக்கம் இப்பயிரில் இரட்டைக் கேடு. மாவு குறையும், கீழே சொல்லப்போகும் நஞ்சு கூடும்.

மாவுப்பூச்சி

2020-இல் கேரளத்தில் முதலில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே சேலம், நாமக்கல் பகுதிகளில் பெருஞ்சேதம் விளைவித்தது. நுனி இலைகள் கொத்தாகச் சுருண்டு, வெள்ளை மாவு படிந்து, கணு குட்டையாகிவிடும். இதே பூச்சியை ஆப்பிரிக்காவில் அடக்கிய சிறு ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச் மாதம் ஏத்தாப்பூரில் வெளியிடப்பட்டது. கண்ட மருந்தையும் தெளித்தால் பூச்சிக்கு முன் குளவி செத்துவிடும். பூச்சி கண்ட நுனிகளை வெட்டி எரிப்பதும், பாதித்த பகுதியிலிருந்து கரணை கொண்டுவராமல் இருப்பதும் முதல் காப்பு.

வறட்சியில் கூடும் நஞ்சு

இனி அந்த மறுபாதி. மரவள்ளியின் இலை, தண்டு, தோல், கிழங்கு எல்லாவற்றிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. செடியின் திசு நசுங்கும்போதோ மெல்லப்படும்போதோ அதில் உள்ள நொதி இதைச் சிதைத்து, ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சை வெளிப்படுத்தும். பூச்சியும் எலியும் தின்னாதிருக்கச் செடி வைத்துக்கொண்ட காவல் இது. கிழங்கின் சதையைவிடத் தோலிலும், முற்றிய இலையைவிடத் துளிரிலும் இது அதிகம்.

வறட்சியில் செடி வாடும்போது கிழங்கிலும் இலையிலும் இந்நஞ்சு கூடுகிறது. நல்ல மழை ஆண்டில் இனித்த அதே இரகம், அதே கொல்லையில், வறண்ட ஆண்டில் கசக்கும். நமக்கு இக்கிழங்கு மிகவும் தேவைப்படும் ஆண்டில்தான் அதில் நஞ்சும் மிகும்.

இதை அலட்சியமாகக் கொள்ளலாகாது. 1981-இல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாநிலத்தில் கடும் வறட்சி. மற்றப் பயிர்கள் கருகின; கசப்பு மரவள்ளி மட்டும் மிஞ்சியது. பசியின் அவசரத்தில் அதைப் போதிய அளவு பக்குவம் செய்யாமல், பயறும் மீனும் இல்லாமல், வாரக்கணக்கில் அதையே உண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திடீரென்று இரு கால்களும் விறைத்து முடங்கின. அவர்களில் மிகுதியானோர் பெண்களும் குழந்தைகளும். 'கொன்சோ' எனப்படும் இந்த முடக்கம் பிறகு சரியாவதில்லை. கேரளத்தில் தலைமுறை தலைமுறையாகக் கப்பை உண்டும் இக்கேடு வராததற்குக் காரணம் உண்டு. அங்கு இனிப்பு இரகத்தை அவித்து நீரை வடித்து, மீன் குழம்புடன் உண்கிறார்கள். மீன், பயறு, முட்டை ஆகியவற்றின் புரதத்தில் உள்ள கந்தகச் சத்துதான் உடலுக்குள் சேரும் சிறிதளவு நஞ்சை முறிக்க உதவுகிறது.

சமையலில் கவனிக்க வேண்டியவை

1. மேல் தோலையும் அதன் அடியில் உள்ள தடித்த உள் தோலையும் சேர்த்து முழுவதும் நீக்க வேண்டும். நடு நாரையும் எடுத்துவிட வேண்டும்.

2. சிறு துண்டுகளாக நறுக்கி, மூழ்கும் அளவுக்கு மேல் நீர் ஊற்றி, மூடாமல் வேக வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். வடித்த நீரையும் உரித்த தோலையும் ஆடு மாடு தொடாத இடத்தில் போட வேண்டும்.

3. வறண்ட ஆண்டுக் கிழங்கை முழுதாகச் சுட்டுத் தின்பதும், பச்சையாக நறுக்கி வறுப்பதும் கூடாது. பிள்ளைகள் தோட்டத்தில் கிழங்கைப் பிடுங்கிக் கடிப்பதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

4. கசக்கும் கிழங்கை உண்ண வேண்டாம். கசக்கவில்லை என்பதற்காக மட்டும் பக்குவத்தைக் குறைக்கவும் வேண்டாம்.

5. மரவள்ளியில் மாவு மிகுதி. புரதம் நூறு கிராமில் ஒன்றரை கிராம்கூட இல்லை. எனவே சாம்பார், சுண்டல், கருவாடு, மீன், முட்டை என ஏதேனும் ஒன்றுடன் உண்ண வேண்டும். அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்த வேண்டும்.

6. கிழங்கைக் காயவைத்து மாவாக்கினால், சமைக்கும் முன் மாவை நீர் விட்டுப் பிசைந்து, மெல்லியதாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணி அல்லது நிழலில் ஐந்து மணி நேரம் வைக்கலாம். நஞ்சு ஆவியாகிப் பெருமளவு குறையும். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக அறிஞர் பிராட்பரி கண்ட இந்த எளிய முறை ஆப்பிரிக்கக் கிராமங்களில் பயன்பட்டு வருகிறது.

மரவள்ளியுடன் இஞ்சி சேரக் கூடாது என்று சில ஊர்களில் சொல்வார்கள். இஞ்சியைத் தவிர்ப்பதால் மட்டும் நஞ்சு போய்விடாது. தோல் நீக்குவதும் நீரை வடிப்பதும்தான் காப்பு. உண்ட பிறகு தலைச்சுற்றல், வாந்தி, மூச்சுத் திணறல் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆடு மாடுகளுக்கு

வறட்சிக்குப் பின் முதல் மழையில் வரும் துளிரும், வாடிய இலையும், பச்சைத் தோலும் மிகவும் ஆபத்தானவை. அறுவடை முடிந்த கொல்லையில் மறுதுளிர் இருந்தால் ஆடுகளை ஓட்டக் கூடாது. பசித்த ஆடு ஒரே மூச்சில் தின்னும். அதனால்தான் வறண்ட கோடையில் சாவு அதிகம். நஞ்சு உண்ட ஆடு வேகமாக மூச்சு வாங்கும், தள்ளாடும், நுரை தள்ளும், விழுந்து வெட்டி இழுக்கும். சில நிமிடங்களில் உயிர் போகலாம். உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, மரவள்ளி தின்றது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அவர் மாற்று ஊசியுடன் வருவார்.

இலையை வீணாக்கவும் வேண்டாம். பொடியாக நறுக்கி, மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்கு காய்ந்த பின், வைக்கோலுடன் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கலாம். நன்கு காய்ந்த இலை புரதம் மிகுந்த தீவனம்.

அறுவடையும் கணக்கும்

இலை பழுத்துப் பாதி உதிர்ந்து, தூரைச் சுற்றி மண் வெடித்தால் கிழங்கு முற்றிவிட்டது. தோண்டுவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன் ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தால் நல்லது. நீர் கிடைத்த செடி தேறி வளரும்போது நஞ்சின் அளவு குறையும். அதற்கு மேல் துளிர் ஓங்க விட்டால் கிழங்கின் மாவு குறைந்து நீர்த்துவிடும்.

தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கருநீலக் கோடு விழுந்து கெடும். தோண்டாத கிழங்கோ மேட்டு நிலத்தில் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே வீட்டுக்கு வேண்டியதை அவ்வப்போது தோண்டிக்கொள்ளலாம். பத்துக் குழியில் 75 செ.மீ. இடைவெளியில் சுமார் 240 செடி நிற்கும். செடிக்கு 2 கிலோ என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 480 கிலோ. நாளுக்கு இரண்டு மூன்று செடி வீதம் மூன்று மாதம் தோண்டலாம்.

விற்பனைக்குப் பயிரிடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. ஆலைகள் சேலம், நாமக்கல் பக்கம் உள்ளன. வண்டி வாடகை இலாபத்தைத் தின்றுவிடும். உள்ளூர்க் காய்கறி மண்டியிலோ வறுவல் போடுவோரிடமோ பேசி வைத்துக்கொண்டு, விற்க முடிந்த அளவுக்கு மட்டும் நட வேண்டும். தோண்டிவிட்டு ஆள் தேடும் பயிர் அல்ல இது.

அந்தப் பெரியவர் இன்றும் மரவள்ளி நடுகிறார். ஒன்றரை மாவில் அல்ல, முப்பது குழியில். சுற்றிலும் முள்வேலி போட்டிருக்கிறார். அறுத்த இலையைக் களத்தில் காயவைத்த பிறகே ஆட்டுக்குப் போடுகிறார். சென்ற முறை நான் போனபோது அவர் வீட்டில் அவித்த கிழங்கும் பயறுக் குழம்பும் தந்தார்கள். அவித்த நீரை வீட்டு அம்மாள் தொழுவத்துக்கு எதிர்ப்புறம் கொண்டுபோய்க் கொட்டியதையும் கண்டேன்.

மேட்டு நிலமும் கொல்லையும் உள்ள உழவர்கள் இவ்வாண்டு பத்துக் குழியிலாவது சமையல் இரகத்தை நட்டுப் பார்க்கலாம். நடும் முன், மேற்சொன்ன பக்குவத்தைச் சமைப்பவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் சொல்லிவிடுங்கள்.